மடுவில் ஊற்றிய தேன்மது

2022 மார்ச் 3, வியாழன்

விடியற்காலையிலேயே எரிச்சல். டேங்கரின் கண்ணாடி துடைப்பான் மறுபடி மக்கர். டிப்போவில் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. ஐந்தாவது பண்ணையில் பால் ஏற்றும்போது நாய் காலைக் கவ்வ வந்தது. பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே நின்றார்.

பெட்ரோல் போடுகிற இடத்தில் ஒரு மொட்டைத் தலையன், இருபத்தைந்து வயது இருக்கும், என் கழுத்தில் தொங்கும் தோரின் சுத்தியலைப் பார்த்துவிட்டுக் கண்ணடித்தான். "நம்ம ஆளா நீங்க? வெள்ளையா பொறந்ததுக்குப் பெருமைப்படறவங்க கொறைஞ்சு போச்சு."

"உன் ஆளு இல்லடா. இது இடி இடிக்கிற சாமியோட சுத்தியல். உன்ன மாதிரி ஆளுங்க மண்டையில போடத்தான் வெச்சிருக்காரு."

வண்டியில் ஏறிக் கிளப்பினேன். என் சாமியை என் கண் முன்னாலேயே திருடிக்கொண்டு போகிறான்கள். நான் கும்பிடுவதை அவன் கொடியாக்கிவிட்டான்.

டிப்போவில் ட்ரூடியிடம் சொன்னேன். வண்டிகளை அனுப்புகிறவள் அவள். பதினொரு வருடமாக வயர்லெஸ்ஸில் அவள் குரலைக் கேட்டுத்தான் ஓட்டுகிறேன். நாங்கள் கப்பலேறி வருவதற்கு எத்தனையோ ஆயிரம் வருடம் முன்பிருந்தே அவளுடைய ஆட்கள் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறார்கள். அவள் சிரித்தாள். "உங்க சுத்தியல் சாமிக்கு இங்க என்னடி வேலை, ஹாரப்? இடி இடிக்கறதுக்கு எங்க ஊர்ல ஏற்கெனவே ஆள் இருக்கு."

நானும் சிரித்தேன். நல்லவேளை, இந்தச் சாமியைக் கும்பிடுகிற நாங்கள் ஒன்பது பேரும் அந்த மொட்டைத் தலையன் மாதிரி இல்லை.

மார்ச் 6, ஞாயிறு

கூட்டம் டெஸ் வீட்டில். ஒன்பது பேரும் வந்திருந்தோம். ஏப்ரல் கடைசியில் முன்னோர் படையல். பூமியின் வட பாதியில் எங்கள் பாட்டன்மார் அதை அக்டோபரில் செய்தார்கள், குளிர் தொடங்கும்போது. இங்கே குளிர் ஏப்ரலில் தொடங்குகிறது, அதனால் நாங்கள் மாற்றிக்கொண்டோம். பனியே விழாத ஊரில் டிசம்பரில் பனிமனிதன் அட்டை வாங்கி அனுப்புகிற கூட்டம் எங்களைப் பைத்தியம் என்கிறது.

படையலில் தேன்மது ஊற்றிய மாட்டுக் கொம்பு கைக்குக் கை சுற்றி வரும். கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தன் முன்னோர் ஒருவரின் பெருமை சொல்ல வேண்டும். கொம்பின் மேல் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. சொன்னவர் குடித்து, எல்லோரும் குடித்தால் அது எல்லோருடைய சொல்லும் ஆகிவிடும். பொய் சொன்னால் பழி எல்லோருக்கும்.

எட்டு வருடமாக நான் சொல்வது ஆம்ப்ரோஸ் ஹாரப். என் தாத்தாவின் தாத்தா. பத்தொன்பது வயதில் தனியாக வந்து இந்தப் பள்ளத்தாக்கைத் திறந்தவர். அவர் தம்பிக்கு எழுதிய கடிதத்தின் வரிகள் ஊர் நூற்றாண்டு மலரில் இருக்கின்றன, நகர மன்றத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்: "இப்போது இங்கே அமைதி. தண்ணீர் தித்திக்கிறது." நான் அதைச் சொல்லும்போது ப்ரோனிக்குக் கண்ணில் நீர் வரும். கொம்பில் ஊற்றிக் கொடுப்பவள் அவள்.

"புதுசா ஏதாச்சும் கொண்டா லியோனி. அந்த வரி எங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு," என்றார் டெஸ். எங்களுக்குப் பூசாரி அவர்தான். வார நாளில் எலக்ட்ரீஷியன்.

சரி. முழுக் கடிதத்தையும் தேடிப் பார்க்கலாம்.

மார்ச் 20, ஞாயிறு

சமநாள் படையல், பகலும் இரவும் சமமாகிற நாள். எங்கள் குடும்பப் பண்ணையில் இருக்கிற ஹாரப் மடுவில், வழக்கம்போல என் சாவியால் கேட்டைத் திறந்து. முழுக் கொம்பு தேன்மதுவையும் தண்ணீரில் ஊற்றினோம், நிலத்தின் ஆவிகளுக்கு. மனசு நிறைந்தது.

மார்ச் 21, திங்கள்

"நேத்து எங்கடி போனே?" என்றாள் ட்ரூடி. சொன்னேன். அவள் முகம் மாறியது. இத்தனை வருடத்தில் அவளிடம் மடுவின் பெயரை நான் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் தோன்றியது.

"நீ அங்க போயிருக்கியா?" என்று கேட்டேன்.

"உன் தம்பி கேட்டப் பூட்டி வெச்சிருக்கான். அதுக்கு முன்னாடி உங்கப்பன் பூட்டி வெச்சிருந்தான். தொறந்து கெடந்தாலும் சும்மா போற எடம் இல்ல அது."

ஏன் என்று கேட்டேன். ஏழாம் நம்பர் வண்டிக்கு டயர் மாற்ற வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 29, செவ்வாய்

நகரத்து ஆவணக் காப்பகம். பஞ்சுக் கையுறை கொடுத்தார்கள். கடிதம் பழுப்பு நிறம், சின்ன எழுத்து. மூன்றாவது பக்கம். அப்படியே எழுதி வைக்கிறேன், பிறகு நானே நம்பாமல் போய்விடக் கூடாது என்பதற்காக.

"ஞாயிறு விடியலில் மடுவின் கரையில் அவர்களைப் பிடித்தோம். பதினேழு பேர், பெண்களும் சேர்த்து. என் துப்பாக்கி இரண்டு முறை அடைத்துக்கொண்டது. சில வாரம் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. இப்போது இங்கே அமைதி. தண்ணீர் மறுபடி தித்திக்கிறது."

மறுபடி. மலரில் அந்தச் சொல்லையும் வெட்டியிருக்கிறார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து, இதைப் படித்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். அந்தக் கோடு இன்னும் ஓரத்தில் இருக்கிறது.

மார்ச் 30, புதன்

தூங்கவில்லை. என்ன செய்து வைத்திருக்கிறேன் நான்? எட்டு வருடம். கொலைகாரனை, கொலை நடந்த தண்ணீரின் கரையிலேயே நின்று, கொம்பைத் தூக்கிப் புகழ்ந்திருக்கிறேன். எட்டுப் பேரைக் குடிக்க வைத்திருக்கிறேன். மிச்சத்தை அந்தத் தண்ணீரிலேயே ஊற்றி, நிலத்தின் ஆவிகளே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டிருக்கிறேன். அங்கே யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? யார் கையால் யாருக்கு ஊத்தினேன்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த மொட்டைத் தலையனாவது வெளிப்படையாக இருந்தான்.

மார்ச் 31, வியாழன்

டிப்போவில், டேங்கர் கழுவும் இடத்தில் வைத்து, ட்ரூடியிடம் சொன்னேன். கடிதத்தின் நகலை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"எங்களுக்கு நூத்தி எம்பது வருஷமாத் தெரியும். உனக்குச் செவ்வாய்க்கிழமை தெரிஞ்சிருக்கு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லணுமா? உன் வண்டியில பின்னாடி ஒட்டியிருக்கற கம்பெனிக்கு உன் குடும்பப் பேரு. ஓடைக்கு உன் பேரு. பள்ளிக்கூடத் தெருவுக்கு உன் பேரு. நான் வந்து உங்கிட்ட என்னன்னு சொல்றது? டீயும் பிஸ்கட்டும் வெச்சுக்கிட்டா?"

அழுகை வந்தது. அவள் கையை உயர்த்தினாள். "எங்கிட்ட அழாத. உன்னைத் தேத்தறது என் வேலை இல்ல."

எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது, அதையும் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்று. வெட்கங்கெட்ட கோபம்தான், ஆனாலும் வந்தது. போகும்போது அவள் திரும்பி, "ஒண்ணு மட்டும் செய். அந்தத் தண்ணியில சரக்கு ஊத்தறத நிறுத்து. சரக்கு எங்க சனத்த என்ன பண்ணுச்சுன்னு உனக்கு நான் பாடம் எடுக்கணுமா?" என்றாள்.

ஏப்ரல் 3, ஞாயிறு

டெஸ்ஸிடம் கடிதத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"கஷ்டமாத்தான் இருக்கு. இந்த வருஷம் ஆம்ப்ரோஸ விட்டுடு. உங்கம்மாவச் சொல்லு, நல்ல பொம்பள."

"விட்டுட்டு?"

"கொம்பு புகழறதுக்கு. அதை வெச்சுக்கிட்டு செத்தவங்களத் திட்டக்கூடாது. அது மொறை இல்ல."

"பொய் சொன்னா பழி எல்லாருக்கும்னு சொல்லிக்குடுத்ததே நீங்கதானே? எட்டு வருஷமா எல்லாரும் அந்தப் பொய்யக் குடிச்சிருக்கோம். அது மொறையா?"

"நீ தெரியாமச் சொன்னே."

"இப்பத் தெரியுமே."

அவர் பெருமூச்சு விட்டார். "லியோனி, கூட்டத்தோட அமைதியக் குலைக்க மாட்டேன்னு படையல் வளையத்து மேல கை வெச்சு சத்தியம் பண்ணியிருக்கே. மறந்துடாத." அமைதி! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆம்ப்ரோஸுக்கும் அமைதிதான் பிடித்திருந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்துவிட்டேன். டெஸ் கெட்டவரில்லை. என் விவாகரத்தின்போது வாரம் தவறாமல் சூப் கொண்டுவந்த மனுஷன். அதனால்தான் இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 12, செவ்வாய்

நானே என் தலையில் மண் போட்டுக்கொண்டேன். போன வாரம், மடுவில் ஒரு மன்னிப்புப் படையல் வைக்கலாம், மது இல்லாமல், பதினேழு மெழுகுவத்தி, ட்ரூடியும் அவள் பெரியம்மாவும் வந்தால் நன்றாக இருக்கும் என்று திட்டம் போட்டு, காகிதத்தில் வரைந்தே கொண்டுபோய்க் காட்டினேன். அவள் அதைப் பார்த்த பார்வை.

"அங்கயும் உனக்குத் திருவிழாவா? கொன்னதும் உங்க ஆளு, பூட்டினதும் உங்க ஆளு, அழறதும் நீங்களே அழுதுக்குவீங்களா? எங்க செத்தவங்களுக்கு நாங்க இன்னும் எலை எரிச்சுப் பொகை போட்டதில்லடி. ஒரு தடவகூட. உள்ள விட்டாத்தானே!"

அதன் பிறகு ஒரு வாரமாக வயர்லெஸ்ஸில் வண்டி நம்பரும் பண்ணைப் பெயரும் மட்டும்தான் பேசுகிறாள்.

புகை. அவர்கள் முறையில், அவர்கள் செத்தவர்களுக்கு, அவர்கள் போட வேண்டிய புகை. அதற்கு ஒரு கேட் திறக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. மெழுகுவத்தியாம், மண்ணாங்கட்டியாம்.

ஏப்ரல் 16, சனி

தம்பி ரஸலிடம் போனேன். ட்ரூடியின் ஆட்களுக்குக் கேட்டைத் திறந்து விடு என்றேன். கடிதத்தையும் காட்டினேன்.

"அப்புறம் நாளைக்கு மொத்த நெலமும் எங்களோடதும்பாங்க. வேலையப் பாரு லியோ."

"பதினேழு பேரு, ரஸல்."

"நான் யாரையும் சுடல. மாடுதான் மேய்க்கறேன்."

ஏப்ரல் 30, சனி

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

படையலை மடுவில்தான் வைக்க வேண்டும் என்றார் டெஸ். ப்ரோனி, எப்போதும் பேசாதவள், "அப்ப கொம்பு என் வீட்ட விட்டு வராது," என்று சொல்லிவிட்டாள். கொம்பைக் காப்பவள் அவள், யாரும் மீற முடியாது. அவள் வீட்டுப் பின்முற்றத்தில், மதியம் மூன்று மணிக்குக் கூடினோம். ஆட்டிறைச்சி, பார்லி ரொட்டி. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

என் முறை வந்தது. கொம்பு கனத்தது. "ஆம்ப்ரோஸ் ஹாரப்," என்றேன். "இவன் ரத்தம் நான். எட்டு வருஷமா இவனை உங்க முன்னாடி புகழ்ந்தேன். அது பொய்." பிறகு கடிதத்தைப் படித்தேன், முழுசாக, மறுபடி என்ற சொல்லையும் சேர்த்து. படித்து முடித்து, யோசித்து வைக்காத ஒன்றையும் சொல்லிவிட்டேன். "அந்தக் கேட்டு அதோட சொந்தக்காரங்களுக்குத் தொறக்கற வரைக்கும் இந்தக் கொம்புல என் வாய் படாது. இது சத்தியம்."

குடிக்காமல் கொம்பை டெஸ்ஸிடம் நீட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "இந்தச் சொல்லுக்கு நான் குடிக்க மாட்டேன். முன்னோர அவமானப்படுத்தற எடத்துல எனக்கு வேல இல்ல." கொம்பைக் கவிழ்த்துப் புல்லில் கொட்டினார்.

ப்ரோனி எழுந்து அவர் கையிலிருந்து கொம்பை வாங்கினாள். மறுபடி நிரப்பினாள். "அவ சத்தியத்த நான் ஏத்துக்கறேன்," என்று சொல்லி அவளே முதலில் குடித்தாள். அவளுக்குப் பிறகு இரண்டு பேர். மற்ற நான்கு பேரும் தட்டை வைத்துவிட்டு டெஸ் பின்னால் போனார்கள். ஒருவன் போகிற போக்கில், "வெள்ளைக்காரியா பொறந்ததுக்கே மன்னிப்பு கேப்பா போல," என்றான். மார்ச் மாதம் பெட்ரோல் போடுகிற இடத்தில் பார்த்தவனுக்குச் சொன்ன பதிலையே இவனுக்கும் சொன்னேன், ஆனால் கெட்ட வார்த்தையோடு.

மே 4, புதன்

ஒன்பது பேர், இப்போது நான்கு பேர். வீட்டில் ஃபோன் அடிப்பதே இல்லை. அந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்கு நான் கல்யாணத்துக்குக் கேக் செய்து கொடுத்திருக்கிறேன்.

மே 15, ஞாயிறு

ரஸல் கேட்டில் இரண்டாவது சங்கிலி போட்டிருக்கிறான். படையலில் நடந்தது அவன் காதுக்குப் போயிருக்கிறது, ஊரில் எது போகாது? டேங்கரை நிறுத்தி அந்தப் பூட்டைக் கையால் ஆட்டிப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி.

அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. அப்பா உயிலில் நிலத்தில் பாதி எனக்கு. பதினாறு வருடமாக நான் கேட்டதும் இல்லை, பிரித்ததும் இல்லை. தம்பி பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவைத்தேன்.

நேரே அவன் வீட்டுக்குப் போனேன். "என் பங்கப் பிரிச்சுக் குடு."

டீ கோப்பை அவன் கையில் அப்படியே நின்றது. "லியோ, பாதிய எடுத்துட்டா பண்ணை நிக்காது. தெரியுமில்ல?"

"பாதி வேணாம். மடுவும் அதச் சுத்தி இருக்கற மேச்சலும் போதும். பாறையும் முள்ளும், உனக்கு மாடு மேய்க்கக்கூட ஆகாது. வீடு, தொழுவம், ஆத்தோர நெலம் எல்லாம் நீயே வெச்சுக்கோ. எழுதிக் குடுத்துடறேன்."

"அம்மா பொறந்தநாளுக்கு நாம நட்ட மரம் இந்த வீட்டுலதான் இருக்கு. அதையும் விட்டுடறியா?"

"விட்டுடறேன்."

"அவங்களுக்காகவா?"

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் நின்றிருந்தால் அவனை அடித்திருப்பேன்.

ஜூன் 25, சனி

நடுக்குளிர்கால விருந்து. நான்கு பேர், ப்ரோனியின் கார் ஷெட்டில், தகரத்தின் மேல் மழை கொட்டுகிறது. பன்றிக்கறி நான் வறுத்தேன். கொம்பு சுற்றி வந்தபோது எழுந்து வெளியே போய் நின்றேன். பல் கிட்டியது. தோருக்கும் அவர் அப்பா ஓடினுக்கும் முதுகைக் காட்டி நிற்பது இதுதான் முதல் தடவை.

ஜூலை 14, வியாழன்

ரஸல் ஒத்துக்கொண்டான். நல்லெண்ணத்தில் அல்ல. வக்கீலைக் கேட்டிருக்கிறான், நான் நீதிமன்றம் போனால் பாதி போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பிறந்த வீட்டில் எனக்கு இனி ஒரு செங்கல்லும் கிடையாது.

ஆகஸ்ட் 19, வெள்ளி

வக்கீல் அலுவலகம். நான், ட்ரூடி, அவளுடைய பெரியம்மா. மடுவும் நிலமும் அவர்களுடைய அமைப்பின் பெயருக்கு மாறின. பெரியம்மா ஒவ்வொரு பக்கத்தையும் விரலை வைத்துப் படித்தார். ஒரு மணி நேரம் ஆனது. எனக்கு நன்றி என்று யாரும் சொல்லவில்லை. எதிர்பார்த்தேனா? ஆமாம், எதிர்பார்த்தேன், எருமை மாதிரி.

வெளியே வந்ததும் ட்ரூடி கேட்டாள்: "சாவி எத்தன இருக்கு?"

"மூணு."

"மூணும் குடு."

ரஸல் கொடுத்திருந்த இரண்டை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது என் வண்டிச் சாவியோடு சேர்ந்து வளையத்தில் இருந்தது. பதின்மூன்று வயதில் அப்பா கொடுத்தது. "அவசரத்துக்கு ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டுமேன்னு..."

"என்னடி அவசரம்?"

நடைபாதையில் நின்றுகொண்டு நகத்தால் வளையத்தைப் பிரித்து அதையும் கழற்றிக் கொடுத்தேன். நகம் உடைந்தது. பெரியம்மா தூரத்தில் காரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க எப்பப் போறோம், என்ன பண்றோம், எதுவும் உங்கிட்ட சொல்ல மாட்டோம். நீ வரவும் கூடாது," என்றாள் ட்ரூடி.

"சரி."

"சரின்னா சரிதான். அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு மெழுகுவத்தியத் தூக்கிட்டு வந்து நிக்காத."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. எட்டு வருடம் கும்பிட்ட இடம்யா அது. எனக்கும் அந்தத் தண்ணீரைப் பிடிக்கும். பிடித்ததைப் பிடித்துக்கொண்டே குற்றத்தை மட்டும் கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

செப்டம்பர் 11, ஞாயிறு

டெஸ் ஃபோன் செய்தார், நாலு மாதத்துக்கு மேல் ஆன பிறகு. நலம் விசாரிக்கவில்லை. "அந்த ஆவணக் காப்பகம் சனிக்கிழமை தொறந்திருக்குமா?" என்றார். இருக்கும், பதினொரு மணிக்கு, பென்சில் கொண்டு போங்க, பேனா விட மாட்டாங்க என்றேன். வைத்துவிட்டார்.

அக்டோபர் 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் மாடு பால் கொடுக்கும். கிழக்குச் சாலை வண்டி எனக்கு.

வளைவு திரும்பியதும் புகையைப் பார்த்தேன். மடுவின் பக்கம், மரங்களுக்கு மேலே, வெள்ளையாக, மெல்லிசாக. சாலை ஓரத்தில் இருபது இருபத்தைந்து கார்கள். கேட் விரியத் திறந்து கிடந்தது. என் வாழ்நாளில் அது அப்படித் திறந்து கிடந்து நான் பார்த்ததில்லை.

கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. எடுத்துவிட்டேன்.

கேட் ஓரத்தில் ட்ரூடி நின்றாள், யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு. டேங்கரைப் பார்த்ததும், நான் இறங்கி வந்துவிடுவேனோ என்று பார்க்கிற மாதிரி நேராகப் பார்த்தாள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணாடியில் திரும்பிப் பார்த்தபோது அவள் எனக்கு முதுகைக் காட்டி உள்ளே நடந்துகொண்டிருந்தாள்.

அடுத்த பண்ணையில் ஏழாயிரம் லிட்டர் ஏற்றினேன். பண்ணைக்காரர், "அங்க ஹாரப் மடுவுல என்ன கூட்டம்?" என்று கேட்டார்.

தெரியாது, அது எங்கள் இடம் இல்லை என்றேன்.